கப்சாயும் அதன் சொற்களும்



பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'விடுமுறையில் ஒரு நாள்' என்பது தலைப்பு. காம்பார் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி நம்முடையது. மாணவன் ஒருவன், "எங்கள் சித்தப்பா பழைய சாலையில் வில்லி போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்" என்று எழுதியிருந்தான். வில்லி என்றால் நாடகத்திலும் திரைப்படத்திலும் வரும் கொடிய பெண் பாத்திரம் என்பதே நாம் அறிந்த பொருள். எனவே 'வில்லி வேடம் போட்டார்' என்று சிவப்பு மையால் திருத்தினோம். 'ஆண்மகன் வில்லி வேடம் போடுவானேன்?' என்று ஓரத்தில் ஒரு கேள்வியும் எழுதி வைத்தோம்.

மறுநாள் அந்தப் பையன் ஏட்டோடு வந்து நின்றான். "சார், வில்லின்னா வேஷம் இல்ல சார். மோட்டாரோட முன் டயர மேல தூக்கி, பின் டயர்லயே ஓட்டுறது" என்றான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு அடுத்த ஏட்டுக்குப் போனோம். அத்துடன் அதை மறந்தும்போனோம்.

அப்படி மறந்தது எவ்வளவு பெரிய பிழை என்பது ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் நமக்கு விளங்கியது. அதை இவ்வுரையின் பின்பகுதியில் சொல்வோம். அதற்கு முன், நம் இளைஞர்கள் ஓட்டும் அந்தச் சிறிய மோட்டார் சைக்கிளின் வரலாற்றையும், அதைச் சுற்றி வளர்ந்த குழு மொழியையும் காண்போம். தச்சருக்கும் மீனவருக்கும் தனிச் சொற்கள் இருப்பதுபோல, வேகத்தை விரும்பும் கூட்டத்துக்கும் தனிச் சொற்கள் உண்டு. அவை வெறும் கொச்சை என்று தள்ளிவிடத்தக்கவை அல்ல. ஒரு கூட்டம் எங்கிருந்து வந்தது, எதை மதிக்கிறது, எதைப் பேச மறுக்கிறது என்ற மூன்றையும் அச்சொற்களே காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

முதலில் வண்டியைப் பார்ப்போம். ஜப்பானில் ஹோண்டா நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர்கள் இருவர். சொய்ச்சிரோ ஹோண்டா இயந்திரத்தைக் கவனித்தார். தக்கேயோ ஃபுஜிசாவா வணிகத்தைக் கவனித்தார். இருவரும் 1956-ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள சிறிய வண்டிகளைப் பார்த்து வந்தனர். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய, எளிதில் ஓட்டக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்றார் ஃபுஜிசாவா. நூடல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு, மறு கையால் ஓட்டக்கூடியதாக அஃது இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த 'சூப்பர் கப்' அப்படித்தான் பிறந்தது. அதன் இயந்திரம் 49 சி.சி. மட்டுமே, ஆற்றல் நாலரைக் குதிரைத்திறன். கிளட்ச் பிடி இல்லை. காலால் மிதித்தால் கியர் மாறும். பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்ததால், கைலி கட்டியவரும் சேலை உடுத்தியவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரலாம். இந்த வகை வண்டி 2017-ஆம் ஆண்டு அக்டோபருக்குள் உலகெங்கும் பத்துக் கோடி உற்பத்தியாகிவிட்டது. மோட்டார் வாகன வரலாற்றில் வேறு எந்த வண்டிக்கும் இத்தகைய எண்ணிக்கை கிட்டியதில்லை.

நம் நாட்டுக்கு ஹோண்டா வண்டிகளைக் கொண்டு வந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. அவரும் ஒரு காலத்தில் பட்டறையில் கை அழுக்காக உழைத்தவரே. 'கப்' என்ற ஆங்கிலப் பெயர் இங்கு வந்ததும் சீனக் கடைத்தெருவில் அதனோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டது. கண்டோனீஸ் மொழியில் 'சாய்' என்றால் பிள்ளை, சிறியது என்று பொருள். 'கப்' என்பதோடு 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. குட்டிக் கப் என்று நாம் சொல்லலாம். யமஹா, சுசுக்கி, கவாசாக்கி என்று எந்த நிறுவனம் செய்தாலும், அந்த உருவில் இருந்தால் அதற்குப் பெயர் கப்சாய்தான். ஜப்பானிய வண்டி, ஆங்கிலப் பெயர், சீன வால். அதை மலாய்க்காரரும் தமிழரும் தம் சொந்தச் சொல்லாகவே பேசுகின்றனர். மலேசியாவின் கதையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம் போலும்!

இந்தக் கப்சாய்க்கும் நம் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு? பால்மரக் காட்டில் சைக்கிளின் இருபுறமும் வாளியைத் தொங்கவிட்டுப் பால் கொண்டு போனது நம் பாட்டன்மார் காலம். பிரட்டுக்களத்துக்கும் லயத்துக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம் என்பதால் வெளி உலகம் அவர்களுக்கு அதிகம் தேவைப்படவில்லை. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. 1985-ஆம் ஆண்டு ஈய விலை சரிந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போ, காம்பார், தாப்பா பக்கத்துப் புறநகர் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தொழிற்சாலை தொலைவில் இருந்தது. பேருந்து வருவதோ அரிது. அந்நிலையில் தவணைக்கு வாங்கிய ஒரு கப்சாய்தான் வேலைக்குப் போகும் வழி. முதல் சம்பளம் வாங்கிய இளைஞனுக்கு அதுவே தான் சம்பாதித்த முதல் பெரிய சொத்து. தன் பெயரில் நிலம் இல்லாதவன், வீடு இல்லாதவன், தன் மோட்டாரைத் துடைத்துத் துடைத்து வைத்தான் என்றால் வியப்பில்லை.

வண்டி இருக்கும் இடத்தில் பந்தயமும் வந்துவிடுகிறது. இதுவும் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து ஓட்டுவார்கள். வலியவனோடு வலியவனும், சிறியவனோடு சிறியவனும் மோத வேண்டும் என்ற நியாயம் அச்சொற்களில் இருக்கிறது. மோட்டார் பந்தயத்தில் இயந்திரத்தின் சி.சி. அளவை வைத்துப் பிரிவு வகுப்பதும் அதே நியாயந்தான்.

நம் வட்டாரத்தில் முறையான மோட்டார் பந்தயம் நெடுநாளாகவே நடந்து வருகிறது. சிங்கப்பூரில் தாம்சன் சாலையை அடைத்து 1961-ஆம் ஆண்டு முதல் 1973-ஆம் ஆண்டு வரை கிராண்ட் பிரி பந்தயம் நடத்தினர். கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் அங்கே ஓடின. சிலாங்கூரில் பத்து தீகா பந்தயத் தடம் 1968-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்னர் ஷா ஆலாம் தடம் என்று பெயர் பெற்ற அங்கேதான் 1991-ஆம் ஆண்டு உலக மோட்டார் சைக்கிள் போட்டி முதன்முதலாக நம் நாட்டுக்கு வந்தது. 1999-ஆம் ஆண்டு செப்பாங் தடம் பிறந்தது. அதன் ஒரு சுற்று ஐந்தரைக் கிலோமீட்டர், வளைவுகள் பதினைந்து. ஃபார்முலா ஒன் கார்கள் 2017-ஆம் ஆண்டு வரை அங்கே ஓடின. கார் பந்தயத்தில் நம் நாட்டு வீரர் கரம்ஜிட் சிங், 2002-ஆம் ஆண்டு புரோட்டோன் காரில் ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். இந்திய வமிசாவளியினர் யாவரும் பெருமைப்பட்ட நாள் அது.

தமிழ்நாட்டிலும் இவ்வாறே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பந்தயம் நடத்தினர். அதைக் காண ஆயிரமாயிரம் பேர் திரண்டனர். பின்னர் 1990-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்கென்று ஒரு நிலையான தடம் உருவாயிற்று. 2005-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஓடுவதற்கு இடம் ஒன்று கிடைத்தால் அந்த வேகம் கலையாகவும் தொழிலாகவும் வளர்கிறது என்பதற்கு இவை சான்றுகள்.

இடம் கிடைக்காதபோது என்ன நடக்கிறது? வேகம் பொதுச்சாலைக்கு வந்துவிடுகிறது. இஃது எல்லா நாட்டுக்கும் பொதுவான கதை. பிரிட்டனில் 1950-களிலும் 60-களிலும் இளைஞர்கள் லண்டன் வட்டச்சாலையில் இருந்த 'ஏஸ் கஃபே' போன்ற உணவு விடுதிகளில் கூடினர். மணிக்கு நூறு மைல் வேகத்தை அவர்கள் 'டன்' என்றனர். அதைத் தொட்டவன் 'டன்-அப்' பையன். உணவு விடுதிக்கும் விடுதிக்கும் இடையே மட்டும் பந்தயம் ஓடுகிறவன் என்று கேலியாகச் சொன்ன 'கஃபே ரேசர்' என்ற பெயரே பின்னர்ப் பெருமைப் பெயர் ஆயிற்று. ஜப்பானில் 1950-களில் பேரொலியோடு சென்றவர்களை 'காமினாரி ஸோக்கு', அதாவது இடிக்கூட்டம் என்றனர். 1970-களில் 'போசோ ஸோக்கு' என்ற பெயர் வந்தது. வெறியோடு ஓடும் கூட்டம் என்பது அதன் பொருள். 1978-ஆம் ஆண்டு அதற்கெனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் 1982-ஆம் ஆண்டு போலீஸ் கணக்கில் அவர்கள் 42,000 பேருக்கு மேல் இருந்தனர். 2010-களில்தான் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

நம் நாட்டில் இதற்கு ஒப்பான பெயர் 'மாட் ரெம்பிட்'. முகமது, அகமது என்ற பெயர்களைச் சுருக்கி 'மாட்' என்று அழைப்பது மலாய் வழக்கு. 1980-களில் ராக் இசை விரும்பிய இளைஞர்களை 'மாட் ராக்' என்றதும் இவ்வழியில்தான். 'ரெம்பிட்' என்ற சொல்லுக்கு இரு வேறு மூலங்கள் சொல்கின்றனர். பிரம்பால் அடித்து விரட்டுவது என்ற பழைய மலாய்ப் பொருளிலிருந்து வந்தது என்பர் சிலர். ஆக்சிலரேட்டரை முறுக்கி ஏற்றுவதைக் குறிக்கும் 'ரெம்ப் இட்' என்ற ஆங்கிலத் தொடரின் திரிபு என்பர் வேறு சிலர். 2006-ஆம் ஆண்டு வந்த மலாய்த் திரைப்படம் ஒன்று 'ரெம்ப்-இட்' என்று இரண்டாகப் பிரித்தே பெயர் வைத்துக்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில், இந்த இளைஞர்களை நல்வழிப்படுத்த விரும்பியவர்கள் 'மாட் செமர்லாங்', அதாவது சிறப்புமிக்க இளைஞர் என்று புதுப்பெயர் சூட்டிப் பார்த்தனர். அந்தப் பெயர் ஒட்டவில்லை. மேலே இருந்து கொடுத்த பெயரை எந்தக் கூட்டமும் எளிதில் ஏற்பதில்லை.

'மாட்' என்பது மலாய்ப் பெயராயினும், அந்தச் சாலையில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தனர். 1994-ஆம் ஆண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும், தொலைதூர வாகனங்கள் பல அங்கே போய்விட்டன. ஈப்போவிலிருந்து கோப்பேங், காம்பார் வழியாகத் தாப்பா செல்லும் பழைய சாலையில் பின்னிரவில் ஓசை அடங்கும். அந்த வெறிச்சோடிய நேரத்தைப் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டனர்.

இனி அவர்களின் சொற்களுக்கு வருவோம். வண்டி பழுதுபார்ப்பவருக்குப் 'போமேன்' என்று பெயர். இது 'ஃபோர்மேன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஆங்கிலத்தில் பத்துப் பேரை மேய்க்கும் தலைவனைக் குறித்த சொல், இங்கே தனியாளாய்த் தரையில் குந்தி ஸ்பேனர் பிடிப்பவனுக்குப் பட்டமாகியது. 'கோரேக்' என்றால் மலாயில் தோண்டுவது. சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவதை அவர்கள் 'பிளாக் கோரேக்' என்பார்கள். 'தாரேக்' என்றால் இழுப்பது. இரண்டு வண்டிகள் நேர்சாலையில் ஒன்றையொன்று முந்துவதற்கு அப்பெயர். 'சிலோக்' என்றால் கார்களுக்கு இடையே பாம்புபோல் வளைந்து வளைந்து போவது. வில்லியைப் பற்றி முன்பே சொன்னோம். நம் தமிழ்ப் பிள்ளைகள் இவற்றோடு 'முறுக்கு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக்கொண்டனர். 'முறுக்குடா' என்று ஒருவன் கத்தினால், மற்றவன் வலக்கையைத் திருகுவான்.

இவற்றுள் 'சூப்பர்மேன்' என்ற சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டும். வானில் பறக்கும் கதைநாயகனைப் போல, இருக்கையின்மேல் குப்புறப் படுத்து, இரு கால்களையும் பின்னால் நீட்டி ஓட்டுவதற்கு அப்பெயர். இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். உடலைத் தாழ்த்தினால் காற்றுக்குக் காட்டும் பரப்புக் குறைகிறது. சிறிய இயந்திரமும் கொஞ்சம் கூடுதல் வேகம் எட்டுகிறது. ஆனால் நேயர்களே, கப்சாயின் பின் பிரேக் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வலக்காலின் அடியில் இருக்கிறது. காலைப் பின்னால் நீட்டியவனுக்குப் பின் பிரேக் இல்லை. கியர் மாற்றவும் வழியில்லை. அத்துடன், வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்துக்கென அமைந்த பிரேக்கை நம்பி 120-இல் போகிறவன், நிற்பதற்கு நான்கு மடங்குச் சாலையைக் கடன் கேட்கிறான். அந்தச் சாலையில் எதிரே ஒரு லாரி வந்தால் அந்தக் கடன் கிடைக்காது.

அந்தக் கூட்டத்தில் பெண்களைக் குறிக்கும் சொல் ஒன்றும் 1990-களில் நாளிதழ்களில் அடிபட்டது. 'போசியா' என்பது அது. ஹொக்கியன் மொழியில் அதன் பொருள் 'சத்தம் இல்லை' என்பதாம். பின் இருக்கையில் ஏறிச் செல்லும் பெண்பிள்ளையை இழிவாகச் சுட்டிய பெயர். அவளுக்குக் குரலே இல்லை என்பதையே பெயராக வைத்துவிட்டனர். தன்னைச் சூப்பர்மேன் என்று அழைத்துக்கொண்ட கூட்டம், அவளுக்குக் கொடுத்த பெயர் இது. ஒரு கூட்டத்தின் சொற்களை நாம் பரிவோடு கேட்க வேண்டும் என்கிறோம். அதற்காக எல்லாச் சொல்லையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன மாணவனின் கதைக்கு வருகிறோம். அவன் ஆறாம் வகுப்பை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பட்டறையில் சேர்ந்தான். பதினேழு வயதில், ஒரு சனிக்கிழமை இரவு, பழைய சாலையில் விழுந்தான். செய்தி கேட்டு மருத்துவமனைக்குப் போனோம். வலக்காலில் இரும்புக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். அவன் தாயார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "வாத்தியாரே, இவன் என்ன பேசுறான்னே எனக்கு விளங்கல. கூட்டாளிங்க வந்து ஏதேதோ பேசிட்டுப் போறாங்க" என்று அழுதார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நாம் அவனிடம் கேட்டோம்: "தம்பி, இவ்வளவு சொல் வச்சிருக்கீங்களே, விழுறதுக்கு என்ன சொல்லு?"

அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அதுக்குன்னு ஒண்ணும் இல்ல சார். விழுந்தவன 'ரெஸ்ட்'ன்னு சொல்வோம். எங்க அவன்னு கேட்டா, ரெஸ்ட்ல இருக்கான்னு சொல்வோம்."

"செத்துப் போனவன?"

"அவனையும் அப்படித்தான் சார்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லே நம் காதில் ஒலித்தது. வேகத்துக்கு எத்தனையோ சொற்களைப் படைத்த பிள்ளைகள், விழுவதற்கும் இறப்பதற்கும் ஒரு சொல்லும் படைக்கவில்லை. பிரேக்குக்கும் அவர்களிடம் பெருமையான சொல் எதுவும் இல்லை. அச்சம் இல்லாததால் சொல் இல்லாமல் போகவில்லை. அச்சத்தைப் பேசக்கூடாது என்பதே அந்தக் கூட்டத்தின் எழுதாத சட்டம். இதை அவன் பதினொரு வயதில் 'வில்லி' என்று எழுதிய அன்றே நாம் விசாரித்திருக்கலாம். சித்தப்பா எங்கே ஓட்டினார், தலைக்கவசம் போட்டிருந்தாரா, நீ எங்கே நின்றாய், உனக்குப் பயமாக இல்லையா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கலாம். சொல்லைத் திருத்தினோம், சொன்னவனைக் கேட்கவில்லை.

தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டே வந்துவிட்டது. இருந்தும், நம் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஜொகூர் பாருவில், பின்னிரவில் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த சிறுவர்கள்மீது கார் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்கள் ஓட்டிய வகைக்கு 'பாசிக்கால் லாஜாக்' என்று பெயர். வேகமாகப் பாய்வதற்காக உருமாற்றிய சைக்கிள். அத்தகைய சைக்கிள்களில் பிரேக்கையே கழற்றிவிடுவதும் உண்டு. மோட்டார் ஓட்டும் வயது வராத பிள்ளைகளும் அண்ணன்மாரின் மொழியைத்தான் கற்கின்றனர். பிரேக் இல்லாத மொழி, பிரேக் இல்லாத சைக்கிளாக உருவெடுத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் இதே கப்சாய்க்கு இன்னொரு மொழியும் உண்டு. 1994-ஆம் ஆண்டு நம் நாட்டில் 'கப் பிரி' என்ற பந்தயத் தொடர் தொடங்கியது. சாலையில் ஓடும் கப்சாய் வகை வண்டிகளையே பந்தயத்துக்குச் செப்பனிட்டு, மாநிலம் மாநிலமாகச் சென்று நடத்தினர். விலையுயர்ந்த பெரிய வண்டி இல்லாத எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் பந்தயத்தின் கதவு அதனால் சற்றே திறந்தது. நம் பேராக் மாநிலத்துக் கம்போங் காஜாவில் பிறந்த கைருல் இடாம் பாவி, 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அர்ஜென்டினாவில் ஈரமான தடத்தில் மோட்டோ-3 உலகப் போட்டியை வென்றார். இரண்டாமவர் இருபது நொடிக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தார். உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியில் மலேசியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. அப்போது அவருக்கு வயது பதினேழு. அதே ஆண்டு ஜெர்மனியிலும் மழையில் வென்றார். 2018-ஆம் ஆண்டு ஹஃபிஸ் ஷாரின் உலகின் உயர்ந்த பிரிவான மோட்டோ ஜி.பி.யில் ஓடிய முதல் மலேசியர் ஆனார்.

பதினேழு வயதில் ஒருவர் அர்ஜென்டினாவில் கொடி வாங்கினார். பதினேழு வயதில் நம் மாணவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. திறமை வேறு, வாய்ப்பு வேறு. ஆனால் ஈர்த்த பொருள் ஒன்றுதான் என்பதை மறுக்க முடியுமா?

பந்தயத் தடத்தின் மொழியைக் கவனியுங்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழி விடு. கட்டம்போட்ட கொடி என்றால் முடிந்தது. விழுந்தவனை நோக்கி ஓடுவதற்கென்றே வளைவுதோறும் ஆட்கள் நிற்கிறார்கள். அங்கே விழுவதற்குச் சொல் உண்டு. நிற்பதற்குச் சொல் உண்டு. வழி விடுவதற்கும் சொல் உண்டு. சாலையில் வீரம் என்பது முறுக்குவது. தடத்திலோ, வளைவுக்கு முன் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்று அறிவதே வீரம்.

நம் மாணவன் ஓராண்டு கழித்து எழுந்து நடந்தான். வலக்கால் கொஞ்சம் குட்டை. பட்டறைக்கே திரும்பிப் போய்த் தொழிலைக் கற்றான். அவன் முதலாளி ஒருமுறை கப் பிரி பந்தயத்துக்கு உதவியாளாக அவனை அழைத்துச் சென்றாராம். திரும்பி வந்ததும் பள்ளிக்கூட வாசலில் நம்மைப் பிடித்துக்கொண்டான். "சார், அங்க பிரேக் எங்க பிடிச்சேன்னுதான் சார் பெருமையா பேசிக்கிறானுங்க!" என்றான். அவன் கண்களில் இருந்த வியப்பை நாம் இன்னும் மறக்கவில்லை. இப்போது அவன் ஒரு போமேன். நம் பழைய கப்சாயைப் பார்ப்பவனும் அவனே. சென்ற ஆண்டு நம் அழைப்பை ஏற்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வந்து பேசினான். பாடம் எதுவும் சொல்லவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டு, "இதுக்கு எங்க பாஷையில சொல்லு இல்ல" என்று மட்டும் சொன்னான். பிள்ளைகள் அன்று கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை கூட்டாளிகளோடு பேசும்போது புரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால், உடனே கண்டிக்காதீர்கள். "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். அவன் சொல்லுவான். தனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருவதில் எந்தப் பிள்ளைக்கும் விருப்பம் உண்டு. சொல்லி முடித்தபின், அவன் எங்கே போகிறான், யாரோடு போகிறான், பிரேக் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஊர்ப் பெரியவர்களும் நகராண்மைக் கழகத்தாரும், மாதத்தில் ஒரு நாளாவது அடைத்துக் கொடுக்கக்கூடிய வெட்டவெளி ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மூடிய ஈயச் சுரங்க நிலங்கள் கிந்தாவில் பரந்து கிடக்கின்றன.

நாம் இப்போது கட்டுரை ஏடு திருத்தும்போது, புரியாத சொல் வந்தால் சிவப்பு மையைக் கீழே வைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையை அழைத்துக் கேட்டபிறகே திருத்துகிறோம். இந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுத் தந்தவன் ஒரு போமேன்.